முப்பத்தேழாம் நம்பர் கால்

ஜனவரி 8, திங்கள்

இன்றும் "சரியா இருக்கு சார்" என்றுதான் சொன்னேன்.

கறுப்புத் தோல், கூர் முனை, ஜெர்மனிக்குப் போகிற மாடல். காலை உள்ளே நுழைத்ததுமே பெருவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. மேனேஜர் தயாநிதி சார் என் முகத்தைப் பார்த்தார். பேட்டர்ன் மாஸ்டர் முனீர் பாய் என் காலைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"சரியா இருக்கு சார்."

"நட."

கண்ணாடி வரை நடந்து திரும்பினேன். அவ்வளவுதான். அடுத்த ஜோடியை எடுத்தார்கள்.

இந்த டைரி ஒரு தோல் கெமிக்கல் கம்பெனி புது வருடத்துக்குக் கொடுத்தது. முனீர் பாய்க்கு எழுதும் பழக்கம் இல்லையாம், என்னிடம் தள்ளிவிட்டார். அடுத்த வருடம் எடுத்துப் படிக்கும்போது எனக்கே புரிய வேண்டும் என்பதற்காக விவரமாக எழுதுகிறேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. பெண்களுக்கான மாதிரி ஷூக்களை எல்லாம் முப்பத்தேழாம் நம்பரில்தான் தைப்பார்கள். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்குக் காட்டும் முன் அதை ஒரு நிஜக் காலில் போட்டுப் பார்க்க வேண்டும். நான் பி.காம். முடித்துவிட்டு கம்ப்யூட்டரில் ஆர்டர் ஏற்றும் வேலைக்கு வந்தவள். முதல் நாளே என்னை ஒரு அட்டைமேல் நிற்கச் சொல்லி, காலைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டார்கள். "அச்சு அசல் முப்பத்தேழு" என்றார் முனீர் பாய். அன்றிலிருந்து பாதி நாள் சாம்பிள் ரூமில்தான் நிற்கிறேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. கம்பெனியில் மதிப்பு காலுக்கு.

அம்மா அதே கம்பெனியில் தையல் ஹாலில் இருக்கிறாள். நான் பிறக்கும் முன்பிருந்தே அங்கேதான். "எம் பொண்ணு ஏ.சி. ரூம்ல கீறா" என்று மெஷினுக்கு மெஷின் சொல்லி வைத்திருக்கிறாள்.

ராத்திரி வெந்நீரில் காலை வைத்தேன். பெருவிரல் மூட்டில் பக்கவாட்டில் ஒரு எலும்பு புடைத்து நிற்கிறது. காலேஜ் படிக்கும்போது சுண்டைக்காய் அளவில் இருந்தது. இப்போது நெல்லிக்காய்.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் விடுமுறை முழுக்க வெறுங்காலோடு இருந்ததில் கொஞ்சம் அடங்கியிருந்தது. இன்று மறுபடியும் நான்கு ஜோடி. கடைசி ஜோடி வெள்ளை. கழற்றும்போது உள்பக்க லைனிங்கில் ஒரு புள்ளி ரத்தம்.

நான் கையால் மூடினேன். அதற்குள் முனீர் பாய் பார்த்துவிட்டார். தயாநிதி சார் போனில் பேசிக்கொண்டிருந்தார். பாய் ஷூவை வாங்கி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பெட்டிக்குள் வைத்தார்.

மத்தியானம் பேக்கிங்கில் இருக்கும் நஸ்ரின்தான் வந்து சொன்னாள். "பாய் சொன்னாரு, உன்கிட்ட இ.எஸ்.ஐ. கார்டு இருக்குதாம், அது சும்மா பர்ஸ்ல வெக்கறதுக்கு இல்லியாம்."

ஜனவரி 30, செவ்வாய்

வேலூர் போனோம். அப்பாவின் ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷன் வரை, அங்கிருந்து நானும் அம்மாவும் ரயிலில். கால் எலும்பு டாக்டர் வெளி நோயாளிகளைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவாராம். டாக்டர் ரோஸ்லின். வயது அதிகமில்லை. முடியை ஆண் பிள்ளை போல வெட்டியிருந்தார். என் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்குக் கூசியது.

மூட்டை அழுத்தி, "வலிக்குதா?" என்றார்.

"பரவால்ல டாக்டர்."

"பரவால்லன்னா வலிக்குதா, வலிக்கலையா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தாள்.

"அம்மாவ எதுக்குப் பாக்குற? கால் அவங்களோடதா?"

எக்ஸ்ரே எடுத்தார்கள். பெருவிரல் எலும்பு ஒரு பக்கம் சாய, அதன் பின்னால் இருக்கிற எலும்பு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. வீடு கட்டும்போது செங்கல் வரிசை விலகியது மாதிரி. எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்க்ரூ போட்டு நிறுத்த வேண்டுமாம். மருந்தில் சரியாகாதாம். இடது காலில் லேசாகத்தான் இருக்கிறது, அதை இப்போது தொட வேண்டாம் என்றார்.

"இது பெரும்பாலும் குடும்பத்துல வரும். டைட்டான ஷூ போட்டா சீக்கிரம் பெருசாகும். வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

"அதெல்லாம் யாருக்கும் இல்லம்மா" என்றாள் அம்மா. சேலைக் கொசுவத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, கால்களை நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டாள். ஏ.சி. குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

பிப்ரவரி 5, திங்கள்

தயாநிதி சாரிடம் லீவு கேட்க வேண்டும். காலையிலிருந்து வாக்கியத்தை மனதில் ஓட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நஸ்ரின்தான் என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவர் மேஜைமுன் நிறுத்தினாள்.

அவர் முழுதும் கேட்டார். கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி.

"ஆபரேஷன் பண்ணா கால் சைஸ் மாறிடாதா?"

"தெரியல சார்."

"மாறிடுச்சுன்னா சாம்பிள் ரூமுக்கு வேற ஆளப் பாக்கணும். ஆர்டர் ஏத்தறதுக்கு இப்ப ஒரு பையனப் போட்டாச்சு. நீ தையல் ஹாலுக்கோ பேக்கிங்குக்கோதான் போக வேண்டி வரும். யோசிச்சிக்க."

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்கவில்லை.

"இன்னா சொன்ன நீ?"

"சரி சார்னு சொன்னேன்."

"எதுக்குச் சரி? ஆபரேஷனுக்கா, ஹாலுக்குப் போறதுக்கா?"

எனக்கே தெரியவில்லை. அம்மா தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னாள். "ஹாலுக்கு நீ வரக் கூடாதுடி. அதுக்கா படிக்க வெச்சேன்?" அரிசியை உலையில் போட்டுவிட்டு, "காலும் அப்படியே உடக் கூடாது. உட்டா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாது."

பிப்ரவரி 20, செவ்வாய்

அட்மிட் ஆகிவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு உடைந்த பாட்டி ஒருத்தர். "இந்த வயசுல உனக்கு இன்னாம்மா?" என்றார். கால் விரல் என்றேன். "விரலுக்கு ஆஸ்பத்திரியா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 21, புதன்

எழுத முடிகிறதா பார்க்கிறேன். இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும் என்றார் மயக்க டாக்டர். பெரிய மீசை, பெரிய குரல். முகத்துக்கு நேரே பச்சைத் துணி கட்டிவிட்டார்கள். அவர் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் காலைத் தடவினார்.

"ஜில்லுன்னு இருக்குதாம்மா?"

ஜில்லென்றுதான் இருந்தது. கொஞ்சமாக, ஆனால் இருந்தது. அந்த அறையில் ஆறேழு பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். கையுறை போட்டு, கையை மேலே தூக்கி வைத்துக்கொண்டு. என்னால் தாமதமாகிறதே என்று இருந்தது.

"இல்ல சார்" என்றேன்.

"குட். ஸ்டார்ட் பண்ணலாம் மேடம்."

கத்தியோ வேறு எதுவோ தட்டில் எடுக்கிற சத்தம் கேட்டது. இப்போதாவது சொல் என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். வாய் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. எத்தனை ஷூவில் நின்று இந்த வாய் இப்படிப் பழகியதோ.

துணிக்கு மேலே டாக்டர் ரோஸ்லின் முகம் எட்டிப் பார்த்தது. முகக்கவசத்தில் கண் மட்டும் தெரிந்தது.

"மோனிஷா, எதுக்கு பெட்ஷீட்ட அப்படிப் புடிச்சிருக்க?"

பார்த்தேன். இரண்டு கையிலும் துணி சுருண்டிருந்தது.

"இப்ப கிள்ளுறேன். தெரியுதா?"

"..."

"நான் உன் கால வெட்டப் போறேன்மா. எனக்கு மரியாதை எல்லாம் வேணாம். தெரியுதா, இல்லியா?"

"தெரியுது."

"சத்தமா."

"தெரியுது டாக்டர். ஜில்லுன்னும் இருந்திச்சு."

மீசைக்கார டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னம்மா நீ, என் வேலைக்கே வேட்டு வெச்சிருப்பியே." யாரோ சிரித்தார்கள். கட்டிலைச் சாய்த்தார்கள், காத்திருந்தார்கள், மறுபடி தடவினார்கள். அத்தனை பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள், ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒன்றுமே தெரியவில்லை. அப்போதும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள்.

பிறகு மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். அது என் எலும்பு என்று தெரிந்தும் யாருடையதோ போல இருந்தது.

பிப்ரவரி 22, வியாழன்

வலி. இன்று யார் கேட்டாலும் வலிக்கிறது என்றுதான் சொன்னேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. அப்பா ஆட்டோவின் பின் சீட்டு முழுக்கத் தலையணையாக அடுக்கியிருந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம் இறங்கித் தள்ளிவிடலாமா என்கிற மாதிரி ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்ததற்கு, "எம் பொண்ணு கால்ல ஸ்க்ரூ கீதுய்யா" என்று தலையை நீட்டிச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒரு ஷூ கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் தூக்கி, குதிகாலில் மட்டும் எடை விழுகிற மாதிரி. எழுந்து நின்றால் அது காலில் இருந்தாக வேண்டும், வீட்டுக்குள்ளும். இதைக் கேட்டதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிறவள்தான், ஆனால் எங்கள் வீட்டுக்குள் செருப்பு வந்ததே இல்லை.

முதலில் ஷூவைக் கையில் வாங்கிப் புரட்டினாள். எனக்கு வலிக்கிறதா என்று கேட்பாள் என்று பார்த்தால், "ஓரத் தையல் சுமாருதான்" என்றாள். பிறகு அதன் அடிப்பாகத்தை சோப்புப் போட்டுக் கழுவினாள். சாயங்காலத்துக்குள் லைனிங் துணியில் ஒரு உறை தைத்து மாட்டிவிட்டாள். இப்போது அது செருப்பு இல்லையாம்.

"சாமி படத்தாண்ட போவும்போது மட்டும் கொஞ்சம் வெரசா போயிடு" என்றாள்.

வெரசாகப் போக முடிந்தால் எதற்கு இந்த ஷூ?

பிப்ரவரி 27, செவ்வாய்

காலை நெஞ்சுக்கு மேலான உயரத்தில் வைத்துப் படுக்க வேண்டும். பச்சை உறை போட்ட தலையணை காலுக்கென்றே ஆகிவிட்டது. விட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லி எத்தனை மணிக்கு எங்கே வரும் என்பதுகூடத் தெரிகிறது.

அம்மா வேலைக்குப் போகும்முன் ஒரு சொம்புத் தண்ணீர், மாத்திரை, சாப்பாடு எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறாள். "விடியகாலைல விரலுக்கு உள்ள இருந்து ஊசி குத்தற மாதிரி இழுக்கும். அப்ப கால அசைக்காத. கெண்டைக்காலப் புடிச்சி உடு, அடங்கிடும்."

அதே மாதிரிதான் இழுத்தது. அதே மாதிரிதான் அடங்கியது. டாக்டர்கூட இதைச் சொல்லவில்லை. அம்மா யாரிடமாவது கேட்டு வைத்திருப்பாள்.

மார்ச் 5, செவ்வாய்

தையல் பிரித்தார்கள். காலைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். மஞ்சளும் ஊதாவுமாக, நசுங்கிய கத்தரிக்காய் மாதிரி. ஆனால் பெருவிரல் நேராக இருந்தது. மற்ற விரல்களோடு சேர்ந்து நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

டாக்டர் அழுத்தினார். "இங்க?"

"அங்க இல்ல டாக்டர். கொஞ்சம் கீழ. ஆங், அங்க வலிக்குது. பக்கத்துல மரத்துப்போயிருக்கு."

"பரவால்ல, பேச்செல்லாம் வருதே" என்றார். விரலைக் கையால் பிடித்து மேலும் கீழும் மடக்கப் பழக வேண்டுமாம். விட்டால் மூட்டு இறுகிவிடுமாம்.

மார்ச் 17, ஞாயிறு

நஸ்ரின் வந்தாள். நோன்பு, தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். கட்டிலில் உட்கார்ந்து என் காலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முனீர் பாய் அந்த ஆஸ்பத்திரி ஷூவை போட்டோ எடுத்து வரச் சொன்னாராம். நாலு பக்கமும் எடுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது சொன்னாள். "மோனி, தப்பா எடுத்துக்காத. உன் எடத்துல என்னய நிக்க வெச்சிருக்காங்க. எனக்கும் முப்பத்தேழுதான்."

"நல்லதுதானடி."

"நீ வந்தா நான் பேக்கிங்குக்கே போயிடுவேன்."

"சரி" என்றேன். அவள் போன பிறகு சுவரைப் பார்த்து விரலை மடக்கினேன். மடங்கவில்லை. மறுபடி மடக்கினேன்.

மார்ச் 24, ஞாயிறு

விரல் பயிற்சி செய்யும்போது சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. மேலே தூக்கும்போது "இறுக்குது" என்றும், கீழே மடக்கும்போது "வலிக்குது" என்றும் சொல்லிப் பார்க்கிறேன். முதலில் மனதுக்குள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சத்தமாக. ஆங்கிலத்திலும். பல்லிக்கு என்னைப் பைத்தியம் என்று தோன்றியிருக்கும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கிறது. ஆஸ்பத்திரி ஷூவுக்கு விடுதலை. அகலமான செருப்பு போடலாம். வீக்கம் வடிய மாதக்கணக்காகும், பொறுமை வேண்டும் என்றார் டாக்டர்.

வாசலில் இறங்கிப் பார்க்க ஆசை. என் செருப்புக்குள் கால் போகவில்லை, அம்மாவின் பழைய ரப்பர் செருப்பை மாட்டினேன். அம்மா அதன் பக்கத்து வாரை பிளேடால் கீறி அகலப்படுத்தியிருக்கிறாள். உள்ளே பெருவிரல் மூட்டு வருகிற இடத்தில் ஒரு பள்ளம். என் கால் அதில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. தெருமுனை வரை போய்வந்தேன். அப்பா ஆட்டோவைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, கல்யாண ஊர்வலம் போவதுபோல் நின்று பார்த்தார்.

செருப்பைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "பழசு, பிஞ்சி போச்சி" என்றாள்.

ஏப்ரல் 15, திங்கள்

வேலைக்குப் போனேன். முனீர் பாய் பழைய அட்டையை எடுத்து வந்தார். என் கால் கோடு இன்னும் அதில் இருந்தது, பக்கவாட்டில் புடைப்போடு. அதன்மேல் நின்றேன். புடைப்பு இருந்த இடம் காலியாக இருந்தது. மற்ற எல்லாப் பக்கமும் வீக்கத்தில் கோட்டைத் தாண்டியிருந்தது.

"முப்பத்தெட்டு கீதே" என்றார் தயாநிதி சார்.

"வீக்கம் வடியட்டும் சார், பாக்கலாம்" என்றார் பாய்.

அதுவரை கம்ப்யூட்டரில் உட்காரச் சொன்னார்கள். அங்கிருந்த பையன் துபாய்க்கு விசா வந்துவிட்டதென்று போன வாரம் நின்றுவிட்டான். எனக்கு அதிர்ஷ்டம்தான். எதற்காக வேலைக்கு எடுத்தார்களோ அதை முதன்முறையாக நாள் முழுக்கச் செய்தேன்.

மே 14, செவ்வாய்

கம்ப்யூட்டரிலிருந்து பார்த்தால் சாம்பிள் ரூம் கண்ணாடி வழியாகத் தெரியும். நஸ்ரின் ஷூவைப் போடுகிறாள். தயாநிதி சார் அவள் முகத்தைப் பார்க்கிறார். அவள் தரையைப் பார்க்கிறாள். சத்தம் கேட்கவில்லை, ஆனால் உதடு அசைவது தெரியும். என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்கவே தேவையில்லை.

பாத்ரூமில் செருப்பைக் கழற்றிவிட்டு டைல்ஸ் தரையில் காலை அழுத்திக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் கால் வலிக்கும்போது நான் நிற்கும் இடம் அது.

"சொல்லேன்டி அவருகிட்ட."

"சொன்னா உன்னய மாதிரி கம்ப்யூட்டர்ல உக்கார வெப்பாங்களா? உனக்கு டிகிரி இருக்கு. எனக்கு பேக்கிங்தான். அங்க இருக்கற டேப் வாசனைக்கு எனக்குத் தலவலி வருது." காலைத் திருப்பிக் காட்டினாள். மூட்டு சிவந்திருந்தது. "சுண்டைக்கா அளவுதான். ஒண்ணும் ஆவாது."

ஜூன் 27, வியாழன்

வீக்கம் வடிந்துவிட்டது. அட்டையில் நின்றேன். முனீர் பாய் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே, "அச்சு அசல் முப்பத்தேழு. முன்ன இருந்தத விட அசல்" என்றார். அடுத்த மாதம் பையர் நேரில் வருகிறாராம். என்னையும் நஸ்ரினையும் இருவரையுமே நிறுத்தப் போகிறார்களாம். யார் நடை நன்றாக இருக்கிறதோ அவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்று பேச்சு.

அம்மா சொன்னாள். "பெரியவங்க முன்னால அதிகம் வாயத் தொறக்காத. கேட்டா நல்லா இருக்குன்னு சொல்லு. வந்தவ போயிடுவா, நாமதான் இங்க இருக்கணும்."

ஜூலை 9, செவ்வாய்

பையர் பெயர் காத்ரின். உயரம். ஆம்பூர் தூசியில் ஜலதோஷம் பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். கூட சென்னையிலிருந்து ஏஜெண்ட் ஒருவர். மேஜைமேல் ஜனவரியில் பார்த்த அதே கறுப்பு மாடல், புதுத் தோலில், இரண்டு ஜோடி. ஒன்று எனக்கு, ஒன்று நஸ்ரினுக்கு.

போட்டேன். இத்தனை மாதம் கழித்து ஒரு கூர் முனை ஷூ. நேராக்கிய விரல் உள்ளே போனதும் பழைய இடத்துக்குச் சாயப் பார்த்தது. யாரோ கழுத்தைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி.

"ஹௌ இஸ் இட்?" என்றார் காத்ரின்.

"பெர்ஃபெக்ட்" என்று தயாநிதி சார் ஆரம்பித்துவிட்டார்.

"டைட், மேடம்" என்றேன்.

என் குரல்தானா என்று நானே பார்த்தேன். தயாநிதி சார் சிரித்துக்கொண்டே தமிழில், "என்னம்மா சொல்ற?" என்றார். பிறகு அவர்களிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். இந்தப் பெண்ணுக்குக் காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வீக்கம் இருக்கும், அதனால்தான். காத்ரின் பாவமாகத் தலையாட்டினார். நஸ்ரின் பக்கம் திரும்பினார்.

அவ்வளவுதான், முடிந்தது. பேசாமல் கழற்றி வைத்துவிடலாம். வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், நான் சொன்னேன், அவர்கள்தான் கேட்கவில்லை என்று.

இடது காலை முன்னால் நீட்டினேன். "திஸ் லெக், நோ ஆபரேஷன் மேடம். திஸ் ஆல்சோ டைட்."

காத்ரின் திரும்பினார். தயாநிதி சாரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் என் பக்கத்திலிருந்து சின்னக் குரல்.

"எனக்கும் இறுக்குது சார்" என்றாள் நஸ்ரின். தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "எப்பவுமே."

ஏஜெண்ட் அதை ஆங்கிலத்தில் சொன்னார். காத்ரின் கர்சீப்பைப் பையில் திணித்துவிட்டு என் முன்னால் தரையில் மண்டியிட்டார். கட்டைவிரலால் ஷூவின் பக்கத்தை அழுத்தி, "ஹியர்?" என்றார்.

"நோ மேடம். கொஞ்சம் கீழ."

எங்கே என்று காட்டுவதற்கு ஆங்கிலம் வரவில்லை. கண்ணெதிரே ஒரு பேனா நீண்டது. தோலில் கோடு போடுகிற வெள்ளி மைப் பேனா. முனீர் பாய் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புத் தோலில் அந்தக் கோடு விழுந்தால் அந்த சாம்பிள் அவ்வளவுதான், யாருக்கும் காட்ட முடியாது.

மூட்டு இருக்கிற இடத்தில் அழுத்தமாக ஒரு வட்டம் போட்டேன். விரல் நுனியில் ஒரு கோடு. இரண்டு காலிலும்.

ஜூலை 10, புதன்

கால் வடிவத்தில் ஒரு அச்சுக் கட்டை இருக்கும். அதன்மேல் தோலை இழுத்துத்தான் ஷூ செய்வார்கள். நேற்று சாயங்காலமே முனீர் பாய் அந்தக் கட்டையில் என் வட்டம் வந்த இடத்தில் தோல் துண்டு ஒட்டி, ராவி, அகலப்படுத்தினார். முனையைக் கொஞ்சம் வளைத்தார். தையல் ஹாலில் அவசரமாகப் புது சாம்பிள் தைத்தார்கள். யார் மெஷினில் என்று கேட்டேன். "உங்கம்மா மெஷின்தான். வேற யாரு கையும் தொடக் கூடாதுன்னுச்சாம்" என்றார்.

போட்டேன். விரல்கள் அடுத்தடுத்துப் படுத்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. நடந்தேன். கண்ணாடி வரை, பிறகு கதவு வரை, யாரும் சொல்லாமலே இன்னொரு முறை. நஸ்ரினும் பின்னாலேயே வந்தாள்.

"நவ்?" என்றார் காத்ரின்.

"இப்ப சரியா இருக்கு மேடம்."

அதே வார்த்தைதான். ஏஜெண்ட் அதை மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் காத்ரின் புரிந்துகொண்டார். இதையே தைக்கலாம் என்று அந்த ஜோடிக்குத்தான் சீல் வைத்தார்.

அவர்கள் கார் கிளம்பிய பிறகு தயாநிதி சார் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். "உங்க ரெண்டு பேர் காலும் இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. இனிமே போட்டுப் பாத்து ஃபிட்டிங் ரிப்போர்ட்ட நீயே டைப் பண்ணிடு. உன் பேர்லயே அனுப்பலாம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்தப் பொண்ணும் பேசுதே" என்றார்.

நஸ்ரின் பேக்கிங்குக்குத் திரும்பவில்லை. பாத்ரூமில் முகம் கழுவிவிட்டு, "டேப் வாசனையே மறந்திடும்டி" என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

நான்கு நாளாக அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. கோபமா என்று தெரியவில்லை. ஹாலில் எல்லோரும் அவளிடம், "அமுலு, உம் பொண்ணு வெள்ளக்காரியவே மண்டி போட வெச்சிட்டாளாமே" என்று கேலி செய்தார்களாம். அப்பாதான் சொன்னார். அவர் அதை ஆட்டோவில் ஏறுகிற எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

இன்று மத்தியானம் பாத்திரம் துலக்கிவிட்டு வந்தாள். அப்பா வெளியே போயிருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து விரல் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். பழக்கம் விடவில்லை. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பச்சத் தலகாணியக் குடு."

கொடுத்தேன். அதைக் கட்டிலில் வைத்து, சேலையைக் கொஞ்சம் தூக்கி, வலது காலை அதன்மேல் எடுத்து வைத்தாள். அம்மாவின் காலை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. பெருவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி, அதையும் தாண்டிக் கிடந்தது. மூட்டு எலுமிச்சம்பழம் அளவுக்குப் பளபளவென்று நின்றது.

டாக்டர் செய்கிற மாதிரி அந்தக் காலை என் மடிக்கு நகர்த்திக்கொண்டேன். மூட்டின் கீழே அழுத்தினேன்.

"இங்க வலிக்குதாம்மா?"

"பரவால்…"

நிறுத்தினாள். தன் காலையே யாருடையதோ போலப் பார்த்தாள்.

"வலிக்குதுடி" என்றாள். "ரொம்ப."

காலை என் மடியிலிருந்து எடுக்கவில்லை. பிறகு கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா செவ்வாக்கெழமதான வரும்?"